பழைய ஹெட்ஃபோனைச் சீர்செய்து நமக்கேற்ப மாற்றும் முறை

பிறர் பயன்படுத்திய ஹெட்ஃபோன் கைக்கு வந்ததும் திருப்புளியைத் தேடாமல், முதலில் அதைக் காதில் மாட்டிப் பொறுமையாகக் கேட்க வேண்டும். பழுது எங்கே என்று தெரியாமல் பிரித்தால், இருந்த பழுதோடு நாம் உண்டாக்கிய பழுதும் சேர்ந்துகொள்ளும். காதில் படியும் மெத்தையான திண்டு, கேபிள், பிளக், தலைப்பட்டை ஆகிய அனைத்தையும் மாற்றிவிடலாம். ஒலியை எழுப்பும் டிரைவர் கெட்டிருந்தால் மட்டும் மீட்பது கடினம். ஆகவே நாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது டிரைவரின் நிலையைத்தான்.

குறைந்த ஒலியளவில், 20 ஹெர்ட்ஸில் தொடங்கி மெதுவாக மேலேறும் சோதனை ஒலியை ஓடவிடுங்கள். தாழ்ந்த சுரங்களில் ‘கிர்’ என்ற அதிர்வு கேட்டால் டிரைவர் போய்விட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். டிரைவரில் அதிர்ந்து ஒலியெழுப்பும் மெல்லிய படலத்தின் மீது விழுந்த ஒற்றைத் தலைமுடியே பெரும்பாலும் அதற்குக் காரணமாக இருக்கும். அடுத்து, இரு காதுக்கும் ஒரே ஒலி செல்லும் மோனோ பதிவைக் கேளுங்கள். குரல் தலையின் நடுவில் நிற்காமல் சிதறி, தாழ்சுரமும் மெலிந்து ஒலித்தால், யாரோ முன்பு ஒரு பக்கத்தின் இணைப்பைத் தலைகீழாகப் பற்றவைத்திருக்கக்கூடும்.

ஒரு பக்கம் ஒலிக்கவே இல்லையென்றால் மின் அளவுகளைக் காட்டும் மல்டிமீட்டரை எடுத்து, மின்தடையை அளக்கும் ஓம் அளவில் வையுங்கள். மூன்று பகுதி கொண்ட வழக்கமான பிளக்கில் நுனி இடப்பக்கம், நடு வளையம் வலப்பக்கம், அடிப்பகுதி இரண்டுக்கும் பொது. நுனிக்கும் அடிக்கும் இடையிலும், வளையத்துக்கும் அடிக்கும் இடையிலும் ஏறத்தாழ ஒரே அளவு காட்ட வேண்டும். அந்த அளவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட மின்மறுப்புக்கு (இம்பீடன்ஸ்) அருகில் இருக்கும். சோனி எம்டிஆர்-7506 என்றால் 63 ஓம், சென்ஹைசர் எச்டி 600 என்றால் 300 ஓம். கேபிளை அங்குலம் அங்குலமாக வளைத்துக்கொண்டே மீட்டரைப் பார்த்தால், எண் துள்ளும் இடத்தில்தான் கம்பி அறுந்திருக்கிறது. பிளக்கின் கழுத்தும், டிரைவர் அமர்ந்திருக்கும் காதுக் கிண்ணத்துக்குள் கேபிள் நுழையும் இடமுமே பெரும்பாலும் அறுபடும் இடங்கள்.

சுத்தம் செய்யும்போது பழைய திண்டுகளைக் கழற்றிவிடுங்கள். செயற்கைத் தோல் ஈரப்பதத்தாலும் வியர்வையாலும் உள்ளுக்குள்ளேயே சிதைந்து செதில் செதிலாக உதிர்வது. எந்த எண்ணெயும் அதை மீட்காது. உதிர்ந்த செதில்களை ஒட்டுநாடாவால் மெல்ல ஒற்றியெடுங்கள். டிரைவரின் முகம் தரையைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் தட்டினால் தூசு உள்ளே போகாமல் கீழே விழும். காற்றழுத்தக் குப்பியும் தூசு உறிஞ்சும் கருவியும் படலத்தைக் கிழித்துவிடும் என்பதால் அவற்றை அருகில் கொண்டுவரவே கூடாது.

திண்டு வெறும் மெத்தை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், ஒலியின் தன்மையில் பெரும்பங்கு அதன் கையில் இருக்கிறது. பாடல் ஓடும்போது இரு கிண்ணங்களையும் விரல்களால் லேசாக அழுத்திப் பாருங்கள். கிண்ணத்தின் பின்புறம் அடைத்திருக்கும் மூடிய வகை ஹெட்ஃபோனில் தாழ்சுரம் சட்டென்று கூடினால், திண்டு காதைச் சுற்றி இறுக்கமாகப் பொருந்தாமல் காற்று கசிகிறது என்று பொருள். கண்ணாடி அணிபவர்களுக்கு அதன் காம்பே கசிவை உண்டாக்கும். அவர்களுக்கு மென்மையான நினைவுநுரைத் திண்டு பொருந்தும். வெல்வெட் போன்ற துணித் திண்டு வியர்வைக்கு இதமானது, ஆனால் மூடிய வகையில் தாழ்சுரத்தைக் குறைக்கும். தடித்த திண்டு டிரைவரைக் காதிலிருந்து தள்ளி வைப்பதால் ஒலியின் சமநிலையே மாறிவிடும். பழைய ஒலியை விரும்பினால் அதே தடிமனும் அதே உட்துளை அளவும் கொண்டதை வாங்குங்கள். உள்ளே இருக்கும் மெல்லிய நுரைவட்டையும் மறக்காமல் திரும்ப வையுங்கள். மாட்டும்போது திண்டின் விளிம்பை ஓரிடத்தில் பள்ளத்துக்குள் செருகி, அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி, மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் மீதியைச் சுற்றிலும் உள்ளே தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

கேபிள் வேலைதான் பலரைத் திணறடிக்கிறது. உள்ளே இருக்கும் மயிரிழைக் கம்பிகள் வண்ணப் பூச்சு பூசியவை. அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது, ஈயத்தையும் ஒட்டவிடாது. சால்டரிங் அயர்னை 350 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கி, நுனியில் ஒரு சொட்டு ஈயத்தை உருக்கி, கம்பி முனையை ஃப்ளக்ஸில் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை) தொட்டு அந்தச் சொட்டுக்குள் சில நொடிகள் பிடியுங்கள். சிறு புகை எழும்பிப் பூச்சு கருகியதும் முனை வெள்ளியாக மின்னும். அதன் பிறகே அதைப் பற்றவைக்க முடியும். சிவப்பு பெரும்பாலும் வலப்பக்கம், பச்சையோ நீலமோ இடப்பக்கம், செம்பு நிறம் பொது என்றாலும், மீட்டரால் உறுதி செய்யாமல் எதையும் இணைக்காதீர்கள். புதிய பிளக்கின் மூடியையும் சூடுபட்டால் சுருங்கி இணைப்பை மூடும் ஹீட் ஷ்ரிங்க் குழாயையும் கேபிளில் முதலிலேயே கோத்துவிட வேண்டும். இதை மறந்து, நன்றாகப் பற்றவைத்த மூன்று இணைப்புகளையும் மீண்டும் பிரித்த அனுபவம் எனக்கு உண்டு.

கழற்றி மாட்டும் கேபிள் வேண்டுமென்றால் கிண்ணத்தில் துளையிட்டு 3.5 மில்லிமீட்டர் சாக்கெட் பொருத்தலாம். அதற்குமுன் கிண்ணத்துக்குள் களிமண் உருண்டையை வைத்து மூடித் திறந்து, சாக்கெட்டுக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். துளையிடும்போது டிரைவரைக் கழற்றித் தொலைவில் வைத்துவிடுங்கள். இரும்புத் துகள் ஒன்று அதன் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

வண்ணம் பூசுவதில் விதி ஒன்றுதான்: 400, பிறகு 800 எண் உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் உலர்ந்த பிறகே அடுத்ததைப் பூச வேண்டும்.

ஒலியை மாற்ற விரும்பி டிரைவருக்குப் பின்னால் பஞ்சோ கம்பளித் துணியோ வைப்பதற்கு முன், தாழ்சுரம், மேல்சுரம் ஆகியவற்றைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் அந்த மாற்றத்தைச் சில நாள் கேட்டுப் பாருங்கள். பிறகும் வேண்டுமென்று தோன்றினால் முதலில் ஒரு கிண்ணத்தில் மட்டும் வைத்து, மோனோ பதிவால் இரு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். டிரைவரின் பின்புறத் துளைகளைப் பசையால் அடைக்காதீர்கள். காற்று அவற்றின் வழியே போய்வருவதைப் பொறுத்தே தாழ்சுரம் அமைகிறது. எந்த மாற்றமும் திரும்பப் பெறக்கூடியதாகவே இருக்கட்டும்.

எல்லாம் முடிந்ததும் முதலில் ஓடவிட்ட அதே சோதனை ஒலியை அதே ஒலியளவில் மீண்டும் கேளுங்கள். கழற்றிய திருகுகளையும் நுரைவட்டுகளையும் எந்தப் பக்கத்துக்கு உரியவை என்று எழுதிய உறையில் போட்டு வையுங்கள்.