ஆறு மடங்கு இட்லி: நாலாம் வகுப்பில் சாப்பாட்டுச் சிற்பம்

நாலாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "இட்லி வரையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். எல்லாரும் ஒரு முட்டை வட்டம் போட்டு, உள்ளே நாலு புள்ளி வைத்துவிட்டு நோட்டை நீட்டுவார்கள். அடிக்கடி தின்கிற பண்டம்தான், உற்றுப் பார்த்தவர் யாருமில்லை. அதனால் இந்தப் பாடத்தை நான் பசையிலும் காகிதத்திலும் தொடங்குவதில்லை. நிஜ இட்லியில் தொடங்குகிறேன்.

இட்லிக்கடை அக்காவிடம் முதல் நாளே சொல்லிவைத்து ஆளுக்கொன்று வாங்கிவிடுவேன். துணியில் ஊற்றிய இட்லியாகக் கேட்டு வாங்குங்கள். இலைத் துண்டில் வைத்தபின் பத்து நிமிடம் யாரும் வாயில் வைக்கக் கூடாது. பாடத்திலேயே கஷ்டமான பகுதி இதுதான். புரட்டிப் பார்க்க வேண்டும், ஸ்கேலால் அளக்க வேண்டும். போன வருஷம் ஒரு பையன், "டீச்சர், இட்லி முதுகுல கட்டம் கட்டமா இருக்கு" என்று கத்தினான். துணியின் இழை பதிந்திருந்தது. அன்றைக்கு வகுப்பு மொத்தமும் இட்லியைக் கவிழ்த்துப் பார்த்தது. அளந்து முடிந்ததும் தின்றுவிடலாம். அரிசியையும் பருப்பையும் அட்டையில் ஒட்டி வீணாக்கும் கைவேலை எனக்குப் பிடிக்காது.

அப்புறம் ஒரு படம் காட்டுவேன். கிளாஸ் ஓல்டன்பர்க் என்ற அமெரிக்கச் சிற்பி 1962-இல் செய்த பர்கர், இப்போது கனடாவின் டொராண்டோவில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கித்தான் துணியைத் தைத்து, உள்ளே ஃபோமும் அட்டைப்பெட்டிகளும் அடைத்து, மேலே வண்ணம் பூசியது. அகலம் 2 மீட்டருக்கு மேல். தையல் வேலையில் பெரும்பங்கு அவர் மனைவி பாட்டியுடையது. (பெயரே பாட்டி என்றதும் வகுப்பு சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆகும்.) அந்த பர்கரை அருங்காட்சியகம் 1967-இல் வாங்கியபோது, மாணவர்கள் ராட்சத கெச்சப் பாட்டில் செய்து தூக்கிவந்து எதிர்ப்புக் காட்டினார்கள். என் பிள்ளைகளுக்கு பர்கரைவிட அந்தப் பாட்டில்தான் பிடித்தது. கொலுவில் செட்டியார் கடை பார்த்தவர்களுக்கு உணவைச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்குவது தெரியும். நாம் செய்யப்போவது தலைகீழ்.

இனி கணக்கு. எல்லாவற்றையும் 6-ஆல் பெருக்குங்கள். 8 செ.மீ. இட்லி 48 ஆகும். 7 செ.மீ. உளுந்து வடை 42. கறிவேப்பிலை 4 என்றால் 24. கடுகு 2 மில்லிமீட்டர்; பெருக்கினால் 12, கிட்டத்தட்ட ஒரு கோலிக்குண்டு. துணியின் இழையும் ஆறு மடங்கு பெரிதாக வேண்டுமே, அதற்கு என்ன செய்வது? விடையைச் சொல்லிவிடாதீர்கள். இரண்டு நாள் ஆனாலும் யாராவது "சாக்கு!" என்பார்கள்.

இட்லிக்கு அச்சு, கொத்தனார்கள் சிமெண்ட் சுமக்கும் சட்டி. குழி அதிகமில்லாமல் இட்லி வாகிலேயே இருக்கும். கவிழ்த்து, பாலிதீன் போர்த்தி, செய்தித்தாளைக் கையால் கிழித்து ஒட்டுங்கள். கத்தரித்தால் விளிம்பு துருத்தும். முதல் அடுக்குக்கு வெறும் தண்ணீர், அடுத்த நாலு அடுக்குக்கு மைதா பசை. ஒரு டம்ளர் மைதாவுக்கு ஐந்து டம்ளர் தண்ணீர், கண்ணாடி போல ஆகும்வரை சிறுதீயில் கிண்டி ஆறவைக்க வேண்டும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் அதில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், பிள்ளைகள் கை வைக்கும் பசையில் கூடவே கூடாது. ஒரு கை உப்புப் போதும்.

இரண்டு அடுக்குக்கு ஒருநாள் வெயில். தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் செய்து பூஞ்சைபிடித்த இட்லியை எரித்திருக்கிறேன். காய்கிறபோது காவலும் வேண்டும். முதல் வருஷம் எங்கள் வடையின் பாதியை ஆடு தின்றுவிட்டது.

இரண்டு ஓடுகளை விளிம்போடு விளிம்பு ஒட்டினால் ஒரு இட்லி. மேலே காகிதக்கூழ் பூசி, ஈரச் சாக்கை அழுத்தி எடுங்கள். இழை அப்படியே விழும். வடைக்கு, காற்றடைத்த பழைய ஸ்கூட்டர் டியூப். சட்னிக்குக் கிழிந்த மெத்தையின் ஃபோமைப் பிய்த்துப் போடலாம். கடுகுக்குக் கறுப்பு வண்ணம் பூசி, மேலே தண்ணீர் கலந்த ஃபெவிகால் தடவினால் எண்ணெயில் பொரிந்த மினுக்கம் வரும். இட்லிக்கு அப்பட்டமான வெள்ளை வேண்டாம், சுண்ணாம்புக் கட்டியாகத் தெரியும். ஒரு துளி மஞ்சள் சேருங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒன்றாம் வகுப்பைக் கூட்டிவந்து எதிரே உட்காரவைத்தோம். ஒரு சின்னப் பெண் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதச் சாப்பிடுறவங்க கை எவ்ளோ பெருசா இருக்கும்?" என்று கேட்டாள். என் கையை ஸ்கேலில் வைத்தார்கள். 17 செ.மீ. பெருக்கிவிட்டு, பழைய செய்தித்தாள் தேட ஓடினார்கள்.