சாக்கோ பள்ளத்தாக்குக்கு ஆர்.வி.யில் செல்வது எப்படி? முதன்முறை செல்வோருக்கான வழிமுறை

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடமேற்கில், சாக்கோ என்னும் வறண்ட பள்ளத்தாக்கில், இன்றைய பியூப்லோ பழங்குடி மக்களின் முன்னோர் ஏறத்தாழ கி.பி. 850 முதல் 1150 வரை எழுப்பிய மாபெரும் கற்கட்டடங்கள் சிதைந்த நிலையிலும் கம்பீரமாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்றான பியூப்லோ போனிட்டோ, 600க்கும் மேற்பட்ட அறைகளோடு சில பகுதிகளில் நான்கு மாடி உயரத்துக்கு எழுந்த கட்டடம். 1987இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இவ்விடத்தை அடைய, கடைசி 13 மைல் தூரத்தை மண்சாலையில்தான் கடந்தாக வேண்டும். ஆகவே உங்கள் திட்டத்தை அந்த 13 மைலிலிருந்தே தொடங்குங்கள்.

முதற்படியாக, ஆர்.வி. எனப்படும், தங்கும் வசதியுள்ள உங்கள் வீட்டு வண்டியின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். இவ்விடம் அமைந்த தேசிய வரலாற்றுப் பூங்காவுக்குள் உள்ள காலோ முகாமில் 35 அடிக்கு மேற்பட்ட ஆர்.வி.க்கு இடமில்லை. வாடகை வண்டியாக இருந்தால் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். தார் போடாத சாலையில் ஓட்டக்கூடாது என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் இருக்கிறது, அதை மீறினால் காப்பீடும் கைகொடுக்காது. நிபந்தனை தடுக்குமானால், ஆர்.வி.யை நெடுஞ்சாலையோர ஊர் ஒன்றின் முகாமில் நிறுத்திவிட்டுத் தரை உயரமான காரில் சென்று வரலாம். ஆயினும், செயற்கை வெளிச்சம் குறைந்து விண்மீன்கள் தெளிவாகத் தெரியும் இடங்களுக்குத் தரப்படும் சர்வதேச இருள்வானப் பூங்கா என்ற தகுதியை 2013இல் பெற்ற இடம் இது என்பதால், இயன்றவர்கள் ஓர் இரவாவது உள்ளே தங்கவேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

அடுத்தது இடமும் காலமும். முகாமில் இடங்கள் குறைவு என்பதால் இணையவழியே முன்பதிவு செய்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பருவமழைக் காலம். ஒரு மாலை இடிமழை பெய்தாலே சாலையின் களிமண் சோப்பைப்போல் வழுக்கும், குறுக்கிடும் வறண்ட ஓடைகளில் வெள்ளம் பாயும். குளிர்காலத்தில் பனி உருகும்போதும் இதே சேறுதான். மே மாதமும் அக்டோபர் மாதமும் எனக்குப் பிடித்தவை. அப்போதும் புறப்படும் நாள் காலையில் பூங்கா அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சாலையின் நிலையைக் கேளுங்கள். மழை பெய்திருந்தால் ஒரு நாள் காத்திருக்கும்படி பயணத்தில் இடைவெளி வையுங்கள். அந்த ஒரு நாளைத் திட்டத்தில் சேர்க்காதவர்கள்தான் ஈரச் சாலையில் வண்டியை இறக்கிச் சேற்றில் சிக்குகிறார்கள்.

பூங்காவுக்குள் பெட்ரோலும் உணவுக் கடையும் இல்லை; முகாமில் மின் இணைப்பும் குளியலறையும் இல்லை. குடிநீர் பார்வையாளர் மையத்தில் கிடைத்தாலும், ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வீதம் கையிலேயே கொண்டு செல்வது நல்லது. அல்புகர்க்கியிலிருந்து வருவோர் கியூபா என்னும் சிற்றூரிலும், வடக்கிலிருந்து வருவோர் புளூம்ஃபீல்டிலும் எரிபொருள், தண்ணீர், மளிகை ஆகிய மூன்றையும் நிரப்பிக்கொள்ள வேண்டும். கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்துவிட்டு வந்தால் எடையும் குறையும்.

வழியைப் பொறுத்தவரை, கைப்பேசி வரைபடம் காட்டும் குறுக்கு வழியை ஏற்காதீர்கள். நஜீசி என்னும் ஊருக்குத் தென்கிழக்கே 550ஆம் நெடுஞ்சாலையிலிருந்து 7900ஆம் மாவட்டச் சாலையில் திரும்பினால் 8 மைல் தார்ச்சாலை, பின்பு 7950ஆம் சாலையில் மண். தெற்கே கிரௌன்பாயிண்ட் பக்கத்திலிருந்து வரும் சாலை இதைவிடக் கரடுமுரடானது, ஆர்.வி.க்கு ஏற்றதன்று. கைப்பேசிச் சமிக்ஞையை நம்ப முடியாதாகையால் வழிக்குறிப்பைக் காகிதத்தில் எழுதி வைத்திருங்கள்.

தார் முடியும் இடத்தில் ஓரமாக நிறுத்தி, சமையல் வாயு உருளையின் வால்வை மூடுங்கள். கண்ணாடிப் பாத்திரங்களைத் துணிகளுக்கிடையே வையுங்கள். அலமாரிக் கதவுகளைப் பட்டையால் கட்டுங்கள். எங்கள் முதல் பயணத்தில் தாழ்ப்பாளை மட்டும் நம்பியதால், அரிசி டப்பா கவிழ்ந்து தரை முழுவதும் சிதறிவிட்டது. சக்கரங்கள் துள்ளித் துள்ளி ஓடிய உலர்ந்த மண்ணில் குறுக்குவாட்டில் அலை அலையாக மேடுகள் படிந்திருக்கும். வேகமாகப் போனால் குலுக்கல் குறையும் என்று சிலர் சொல்வார்கள், கனமான ஆர்.வி.யில் அவ்வாறு செய்தால் பிடிமானம் போய்த் திருப்பத்தில் வண்டி வழுக்கும். மணிக்கு 10 முதல் 15 மைல் போதும். டயர் காற்றைச் சற்றுக் குறைப்பதாயின், வண்டியின் எடைக்கு டயர் நிறுவனம் குறித்த குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்காதீர்கள். மீண்டும் காற்றடிக்கப் பம்பு கையில் இருக்கவேண்டும்.

உள்ளே 9 மைல் வளையச் சாலை தார் போட்டது; முக்கியக் கட்டடங்கள் பலவும் அதையொட்டியே அமைந்துள்ளன. சுவர்களில் சாயவோ ஏறவோ கூடாது. தரையில் கிடக்கும் பானை ஓட்டுத் துண்டைக் கையில் எடுத்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம். அதை எடுத்துச் செல்வது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், அதற்கும் மேலாக, இது ஹோப்பி உள்ளிட்ட பியூப்லோ மக்களுக்கு இன்றும் முன்னோர் வாழும் மண்.

திரும்பும்போது முகாமின் கழிவு இறக்கும் இடத்தில் தொட்டியைக் காலி செய்யுங்கள். 550ஆம் நெடுஞ்சாலையில் ஏறுமுன் டயர்களில் காற்றைப் பழைய அளவுக்கு நிரப்பி, குலுக்கலில் தளர்ந்திருக்கக்கூடிய சக்கர நட்டுகளையும் இழுவைக் கொக்கியையும் ஒவ்வொன்றாகச் சோதித்தபின் வேகமெடுங்கள்.