ரோபோ காரை நேராக ஓட வைக்கும் ஜைரோ

இரண்டு மோட்டருக்கும் ஒரே வேகம் கொடுத்தாலும் மலிவான மஞ்சள் மோட்டர் கார் நேராகப் போகாது, அதுவும் கிளிநொச்சிப் பக்கத்துக் கிரவல் ஒழுங்கையில் விட்டால் கொஞ்சத் தூரத்திலேயே வேலிக்குள் போய்ச் செருகிவிடும். இதற்கு எம்பியூ 6050 சென்சர் போதும், திரும்பும் வேகத்தை அளக்கும் ஜைரோவும் முடுக்கமானியும் அதற்குள் இருக்கின்றன. காரை இயக்கும் ஆர்டுயினோ ஊனோ போர்டில் எஸ்டிஏ (தரவு) வயர் ஏ4 இல், எஸ்சிஎல் (கடிகாரத் துடிப்பு) வயர் ஏ5 இல். சென்சரைத் தட்டையாக, ஸ்பொஞ்ச் டேப்பில் ஒட்டுங்கள். மோட்டர் அதிர்வு நேரே ஏறினால் அளவீடு கண்டபடி துள்ளும்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. காரை அசையாமல் வைத்து, ஜைரோவின் இசட் அச்சு (மேல்கீழ் அச்சு, இட வலத் திரும்பலைக் காட்டுவது) அளவை 500 தடவை வாசித்துச் சராசரி எடுங்கள். நிற்கிற காரிலும் அது பூச்சியமாக இராது, ஆகவே பிறகு வரும் ஒவ்வொரு வாசிப்பிலும் அந்தச் சராசரியைக் கழிக்க வேண்டும். சென்சர் சூடானால் இந்த எண்ணும் மாறும், மாமர நிழலில் அளந்துவிட்டு வன்னி வெயிலில் ஓட்டிப் பயனில்லை, ஓடும் இடத்திலேயே வைத்து அளவுங்கள். கழித்து வருவதை 131 ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை பாகை என்று கிடைக்கும் (இது விநாடிக்கு 250 பாகை வரை அளக்கும் வீச்சுக்கு மட்டும், சில லைப்ரரிகள், அதாவது ஆயத்த நிரல்கள், வீச்சை மாற்றிவிடும், பாருங்கள்). அதை வாசிப்புகளுக்கு இடையிலான நேரத்தால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் திரும்பிய கோணம்.

கார் இடப்பக்கம் திரும்பினால் இட மோட்டரின் வேகத்தைக் கூட்டி வலத்தினதைக் குறையுங்கள். எவ்வளவு என்பதற்கு, திரும்பிய கோணத்தை ஓர் எண்ணால் பெருக்குங்கள். அந்த எண்ணைச் சிறிதாகத் தொடங்குங்கள், கார் பாம்பு மாதிரி நெளிந்தால் அது கூடிவிட்டது.

நீண்ட ஓட்டத்தில் கோணம் மெல்ல விலகத்தான் செய்யும், முடுக்கமானி இதற்கு உதவாது, அது புவியீர்ப்பை வைத்துச் சரிவை மட்டுமே சொல்லும். திசைகாட்டிச் சென்சர் சேர்ப்பதென்றால் மோட்டர் காந்தத்திலிருந்து தள்ளி வையுங்கள்.