அஸ்திவாரத்துக்கு ஃபைபர் கம்பி கட்டும் முறை

ஃபைபர் கம்பி என்பது இரும்புக்குப் பதிலாகக் கான்கிரீட்டில் போடும், கண்ணாடி நாரைப் பிசினில் பதித்துச் செய்த கம்பி. முதலில் ஒன்று. "12 எம்.எம். இரும்புக்குப் பதில் 10 எம்.எம். ஃபைபர் போதும்" என்று விற்பவர் சொன்னால் தலையாட்டாதீர்கள். ஃபைபர் கம்பி இழுவிசையைத் தாங்கும்; ஆனால் இரும்பைவிட மூன்று நான்கு மடங்கு எளிதாக நீளும். அளவு, இடைவெளி, லேப் நீளம் (இரு கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும் நீளம்) மூன்றையும் இதற்கென்றே பொறியாளர் கணக்குப் போட்டுத் தரவேண்டும்.

வெட்டுவதற்கு வைர பிளேடு போட்ட கிரைண்டர். கம்பி வெட்டும் கத்தரி வேண்டாம், முனை நசுங்கி நார் பிரிந்துவிடும். தூசி தோலில் பட்டால் அரிக்கும். முகக்கவசம், கண்ணாடி, கையுறை கட்டாயம். சுருளாக வந்த கம்பி என்றால் சுருளைப் பிடித்திருக்கும் கட்டுகளை ஒரேயடியாக அறுக்காதீர்கள், ஸ்பிரிங் மாதிரி அடிக்கும்.

எல் வளைவு, ரிங் எல்லாம் தொழிற்சாலையிலேயே வளைத்து வரவேண்டும். தளத்தில் சூடுகாட்டி வளைத்தால் பிசின் கெட்டு, உள்ளே நார் மடங்கிப் போகும்.

கட்டுவதற்கு நைலான் டை என் தேர்வு: 12 எம்.எம். கம்பிக்கு 3.6 மி.மீ. அகலம், 200 மி.மீ. நீளம். சாதாரணக் கட்டுக்கம்பியும் பிடிக்கும். ஆனால் துருவுக்குப் பயந்து ஃபைபர் வாங்கிவிட்டு அதையே சுற்றுவானேன்? ஓர சந்திப்புகள் அனைத்தையும் கட்டுங்கள், உள்ளே ஒன்றுவிட்டு ஒன்று. 2 மீட்டர் சதுர ஃபுட்டிங்கில் (தூணுக்கு அடியில் வரும் அஸ்திவாரப் பலகம்) பக்கத்துக்கு 14 கம்பி என்றால் 196 சந்திப்பு. ஓரம் 52, உள்ளே பாதி 72, ஆக 124 டை. நூறு உள்ள பாக்கெட் ஒன்று போதாது.

பலர் கோட்டைவிடுவது அடுத்ததில்தான். ஃபைபர் கம்பி கான்கிரீட்டைவிட லேசு. கான்கிரீட்டை இறுக்கும் வைப்ரேட்டர் ஓடும்போது வலை மெல்ல மேலே வரும். மேலே கான்கிரீட் மூடியிருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. வலைக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் (சிறு கான்கிரீட் கட்டி) அது கீழே இறங்காமல்தான் தாங்கும், மேலே எழும்புவதைத் தடுக்காது. அதனால் பி.சி.சி.யில் (குழியின் அடியில் போடும் கம்பியில்லாத கான்கிரீட்) துளை போட்டு ஆங்கர் கொக்கி அடித்து, மீட்டருக்கு ஒரு இடம் வலையைக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். இதற்கு மட்டும் ஸ்டெயின்லெஸ் கம்பி நல்லது, நைலான் டை சற்று நெகிழும். கட்டியபின் வலையைக் கையால் தூக்கிப் பாருங்கள். எழும்பினால் இன்னும் இரண்டு இடம் கட்டுங்கள்.

கவர் பிளாக்கை இரும்புக்கு வைப்பதைவிட நெருக்கமாக, சுமார் 60 செ.மீ.க்கு ஒன்று வையுங்கள். மேல் வலை இருந்தால், அதைத் தாங்கும் 'சேர்' என்ற கம்பித் தாங்கிகளையும் அதே மாதிரி நெருக்கமாக வையுங்கள். இல்லாவிட்டால் ஆள் மிதிக்கும் இடமெல்லாம் தொய்யும்.

மீந்த கம்பியை வெயிலில் போடாமல் தார்ப்பாயால் மூடி வையுங்கள்.