கச்சான் காற்று நாட்களுக்கு முதல்நாளே செய்யும் சான்ட்விச்

டின்மீன் சான்ட்விச்சை இரவே செய்து பிரிஜ்ஜில் வைத்தால், கச்சான் என்ற சூடான வறண்ட காற்று வீசும் மட்டக்களப்பு வெயிலில் மத்தியானம் அடுப்படிப் பக்கமே போகத் தேவையில்லை. பாண் ஊறிப்போவதுதான் வழக்கமான கோளாறு. டின்மீனை நன்றாக வடித்து, முள்ளெடுத்து உதிர்த்து, 2 மேசைக்கரண்டி மயோனைஸ், மிளகுத்தூள், கொஞ்சம் தேசிக்காய்ப்புளி சேருங்கள். வெள்ளரிக்காயை மெல்லிசாகச் சீவி, அரைத் தேக்கரண்டி உப்புப் பிரட்டி, 15 நிமிடம் கழித்துத் துணியில் பிழியுங்கள். வடியும் தண்ணீரைப் பார்த்தாலே பாண் ஏன் ஊறுகிறதென்று விளங்கும். பட்டரைப் பாணின் விளிம்புவரை பூசவேண்டும், அதுதான் ஈரத்தைத் தடுக்கும். தக்காளியா? சாப்பிடும் நேரம் வையுங்கள். லன்ச் சீற்றில் இறுக்கிச் சுற்றாவிட்டால் பிரிஜ் பாணைக் காயவைத்துவிடும். பாசிக்குடாக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் உறையவைத்த தண்ணீர்ப் போத்தலோடு கட்டுங்கள். இந்த வெக்கையில் குளிரில்லாமல் 1 மணித்தியாலத்துக்கு மேல் கிடந்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.