தண்ணீர் நிறுவனம் வீடு கட்டும் பில்டர் கைக்குப் போகும்போது செய்யக்கூடாத தவறுகள்

லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே சான்டா கிளாரிட்டா பள்ளத்தாக்கில் வீடுகளுக்குத் தண்ணீர் கொடுத்துவந்த நிறுவனங்களில் ஒன்று வலென்சியா வாட்டர் கம்பெனி. அதன் தாய் நிறுவனம் நியூஹால் லேண்ட். 2004 ஜனவரியில் லெனார், எல்என்ஆர் என்ற இரண்டு ரியல் எஸ்டேட் நிறுவனங்கள் சேர்ந்து அந்தத் தாய் நிறுவனத்தைச் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கின. கையில் வந்த பெரிய சொத்து, ஏறக்குறைய 21,000 வீடுகளுக்கான நியூஹால் ராஞ்ச் திட்டம். தண்ணீர் நிறுவனமும் கூடவே வந்தது.

பில்லில் பழைய பெயர்தானே இருக்கிறது என்று சும்மா இருந்துவிடுவதுதான் இப்படிப்பட்ட விற்பனைகளில் முதல் தவறு. தாய் நிறுவனம் கைமாறினாலும், தனியார் தண்ணீர் நிறுவனங்களைக் கண்காணிக்கும் கலிபோர்னியா பொதுப் பயன்பாட்டு ஆணையத்தின் அனுமதியை முன்கூட்டியே வாங்கியாக வேண்டும். இல்லையென்றால் விற்பனையே செல்லாது. ஆட்சேபிக்க வழக்கமாகக் கிடைப்பது 30 நாள். விற்பனை முடிந்த செய்தியைப் படித்துவிட்டுக் கிளம்பினால் பலன் இல்லை.

அடுத்தது, கட்டணம் ஏறுமா என்று மட்டும் கேட்பது. கட்டணத்தை ஆணையம் கவனிக்கிறது. குழாய், கிணறு, பம்ப் ஆகியவற்றில் போட்ட முதலீட்டில் தேய்மானம் போக மீதியை வைத்துத்தான் பொதுவாகக் கட்டணத்தைக் கணக்கிடுவார்கள். பங்குகளுக்குக் கொடுத்த கூடுதல் விலையை மக்கள் தலையில் கட்டுவது எளிதல்ல.

என் கவலை வேறு இடத்தில். 2001-இல் வந்த கலிபோர்னியச் சட்டங்களின்படி, 500 வீடுகளுக்கு மேல் கட்டும் திட்டத்துக்கு அடுத்த 20 ஆண்டுகளுக்குத் தண்ணீர் போதுமா என்ற மதிப்பீட்டைத் தண்ணீர் தரும் அமைப்புதான் எழுத வேண்டும். பல வருட வறட்சியையும் அதில் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த அமைப்பு பில்டருக்கே சொந்தம் என்றால்? வீடு கட்டுபவரும் தண்ணீர் இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பவரும் ஒரே முதலாளியின் ஆட்கள். அதனால் அறிக்கையின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு நம்பாதீர்கள். மாநிலக் கால்வாய்த் தண்ணீருக்கு ஒப்பந்தத்தில் எழுதிய அளவு ஒன்று, வறண்ட வருடத்தில் நிஜமாக வருவது இன்னொன்று. கணக்கில் எது இருக்கிறது என்று பாருங்கள். மூடிய கிணறுகளைச் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இந்தப் பள்ளத்தாக்கில் பழைய வெடிபொருள் ஆலையிலிருந்து பெர்குளோரேட் என்ற நச்சு ரசாயனம் கசிந்து, 1997 முதல் சில கிணறுகளை மூட வேண்டியிருந்தது. நியூஹால் ராஞ்சுக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2000-இலேயே கெர்ன் கவுண்டி நீதிமன்றம் சொல்லியிருந்தது.

அப்புறம், பெரிய பில்டர் என்றால் பணபலம் நிச்சயம் என்ற நினைப்பு. நியூஹால் நிலங்களை வைத்திருந்த, லெனாரும் எல்என்ஆரும் பங்குதாரர்களாக இருந்த லேண்ட்சோர்ஸ் நிறுவனம் 2008 ஜூனில் திவால் மனு கொடுத்தது. எனவே அனுமதி விசாரணையிலேயே கேட்டு வாங்க வேண்டியவை உண்டு: தாய் நிறுவனத்தின் கடனுக்குத் தண்ணீர் நிறுவனத்தின் சொத்தை அடமானம் வைக்கக்கூடாது, கிணற்று நிலத்தையும் நீர் உரிமையையும் ஆணையத்துக்குத் தெரியாமல் பிரித்து விற்கக்கூடாது, தனிக் கணக்கு, தனி நிர்வாகக் குழு வேண்டும். இவை உத்தரவில் நிபந்தனையாக ஏறினால்தான் பிற்பாடு கேள்வி கேட்க முடியும்.