தாயக்கட்டையும் செஸ் போர்டும் இருந்தா போதும்: செஸ் 960 ஆடறது எப்படி

கோத்தகிரி பக்கம் ஐப்பசி மழை புடிச்சுக்கிச்சுன்னா கரண்டும் இருக்காது டவரும் இருக்காது, அப்பத்தான் எங்க லைன்ல இருக்கற பசங்க எல்லாம் செஸ் போர்ட தூக்கிட்டு வருவாங்க. என்ன பிரச்சனைன்னா எல்லாருமே யூடியூப்ல லண்டன் சிஸ்டம்ங்கற ஓப்பனிங்க (ஆட்டத்த ஆரம்பிக்கற ஒரு முறை) பாத்து மனப்பாடம் பண்ணி வெச்சிருக்காங்க, முதல் ஏழெட்டு மூவ யோசிக்காமயே டப்பு டப்புன்னு வெச்சுட்டு அதுக்கப்புறம் திருதிருன்னு முழிக்கறது. இதுக்கு மருந்து செஸ் 960, அதாவது பின்வரிசைக் காய்கள உருட்டிப் பாத்து கலைச்சு அடுக்கி ஆடற செஸ்.

1996 ஜூன்ல முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் புவனஸ் அயர்ஸ்ல அறிவிச்ச ஆட்டம் இது, அதனால ஃபிஷர் ரேண்டம்னும் பேரு. இப்ப ஃப்ரீஸ்டைல்னு சொல்லி பெரிய டோர்னமென்ட்டே நடத்தறாங்க, 2025 ஜூலைல லாஸ் வேகாஸ்ல நம்ம பிரக்ஞானந்தா உலக நம்பர் ஒன் கார்ல்சன ஒரு ரவுண்டுல ஜெயிச்சாரே, அது இந்த ஆட்டத்துலதான். (கேம் சலிச்சுப்போனா ரூல மாத்தறது நம்ம மலைக்கு ஒண்ணும் புதுசில்லங்க, ஸ்நூக்கர் ரூல்ஸ எழுதி வெச்சதே ஊட்டி கிளப்லதான்.)

சாதா செஸ்ல காய் எப்படி நகரும்னு தெரிஞ்சா போதும், இதுலயும் அதேதான். சிப்பாய் வரிசையும் மாறாது. பின்வரிசை மட்டும் கலைஞ்சிருக்கும், ஆனா இஷ்டத்துக்கு இல்ல: ரெண்டு பிஷப்பும் வேற வேற கலர் கட்டத்துல இருக்கணும், ராஜா ரெண்டு யானைக்கும் நடுவுல எங்கயாவது இருக்கணும். கறுப்பு அப்படியே வெள்ளைக்கு நேர் எதிர்ல.

இப்ப அடுக்கலாம். ஒரு லூடோ டைஸ் எடுத்துக்கோங்க. வெள்ளை ஆடறவன் பக்கம் இருந்து பாத்தா நிக்கற வரிசைகளுக்கு இடதுல இருந்து வலமா ஏ முதல் ஹெச் வரை பேரு, கட்டத்துக்கு நம்பர் அவன் பக்கம் இருந்து ஒண்ணு முதல் எட்டு. முதல்ல வெள்ளைக் கட்ட பிஷப். பின்வரிசைல பி, டி, எஃப், ஹெச் நாலும் வெள்ளைக் கட்டம், ஒண்ணு விழுந்தா பி, ரெண்டுன்னா டி, இப்படியே. அஞ்சு ஆறு விழுந்தா மறுபடி உருட்டணும். இது கடுப்பா இருந்தா பாட்டிகிட்ட தாயக்கட்டை கேளுங்க, ஒரே ஒரு கட்டைய உருட்டுனா நாலு பக்கம்தானே, வெறும் பக்கத்த நாலுன்னு வெச்சுக்கலாம், கச்சிதமா வேல முடியும். அடுத்து கறுப்புக் கட்ட பிஷப், ஏ, சி, இ, ஜி, அதே மாதிரி.

மிச்சம் ஆறு கட்டம் இருக்கும். இதுக்கு டைஸ்தான். இடது பக்கத்துல இருந்து எண்ணி, விழுந்த நம்பர்ல ராணிய வைங்க. மிச்சம் அஞ்சு, ஒரு குதிரை. மிச்சம் நாலு, இன்னொரு குதிரை. கடைசியா மூணு கட்டம் மிஞ்சும், அதுல யோசிக்கவே வேணாம், யானை ராஜா யானை. பிஷப்புக்கு நாலு தடவ நாலு, ராணிக்கு ஆறு, ரெண்டு குதிரையும் ஒண்ணுபோல இருக்கறதால அதுக்கு பத்து வழி, எல்லாத்தையும் பெருக்குனா 960. நாம தினம் ஆடற சாதா செட்டப்பும் அதுல ஒண்ணு.

ஒரு உதாரணம் போடுவோம். எனக்கு விழுந்தது வரிசையா 3, 1, 4, 5, 2ன்னு வெச்சுக்கோங்க. வெள்ளைக் கட்ட பிஷப் எஃப்-ல, கறுப்புக் கட்ட பிஷப் ஏ-ல, ராணி இ-ல, குதிரை ஹெச்-லயும் சி-லயும், யானை பி-லயும் ஜி-லயும், ராஜா டி-ல. போர்டுல அடுக்கிப் பாத்துட்டு மேல படிங்க.

உடனே மூவ் வெக்காதீங்க. எந்த சிப்பாய்க்கு காவல் இல்லன்னு ஒவ்வொண்ணா பாருங்க, 960ல பாதி ஆட்டம் இங்கயே இருக்கு. இந்த செட்டப்ல ஹெச் சிப்பாய் அனாதை, ஒரு காயும் அத பாக்கல. எதிராளிக்கும் அதேதானே? அப்ப இ சிப்பாய ஒரே ஒரு கட்டம் தள்ளுங்க (ரெண்டு தள்ளுனா வழிய நாமளே அடைச்சுக்குவோம்), அடுத்த மூவ்ல எஃப் பிஷப்ப டி3க்கு கொண்டுவாங்க. அது நேரா ஹெச்7 சிப்பாய முறைக்கும். எதிராளி கவனிக்காம வேற எங்கயோ ஒரு சிப்பாய தள்ளிட்டு இருந்தான்னா வெட்டிருங்க, வெட்டுன இடத்துல இருந்து பிஷப் பக்கத்துல இருக்கற ஜி8 யானையையும் பாக்குது, அந்த யானைக்கு ஒரு பக்கம் சொந்த பிஷப்பு, ஒரு பக்கம் சொந்த குதிரை, முன்னாடி சிப்பாய், ஓட வழியே இல்ல! மூணாவது மூவ்லயே ஆட்டம் கைக்கு வந்துரும். அதுவே அவன் ஜி சிப்பாய ஒரு கட்டம் தள்ளி வழிய அடைச்சுட்டான்னா ஆளு வெவரமானவன், நிதானமா ஆடுங்க.

கேஸ்லிங்லதான் (ராஜாவும் யானையும் ஒரே மூவ்ல சேந்து நகர்றது) எல்லாரும் குழம்புவாங்க. ராஜா எங்க இருந்து கெளம்புனாலும் சரி, போய் நிக்கற இடம் சாதா செஸ்ல நிக்கற அதே இடம்தான்: ராஜா ஜி-க்கு வந்தா யானை எஃப்-ல, ராஜா சி-க்கு வந்தா யானை டி-ல. ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடி நகர்ந்திருக்கக் கூடாது, ரெண்டு பேரு போற வழிலயும் வேற காய் இருக்கக் கூடாது, செக்ல இருக்கும்போதும் செக் விழற கட்டத்த தாண்டியும் போகக் கூடாது. நம்ம உதாரணத்துல சி குதிரைய மட்டும் வெளிய எடுத்துட்டா போதும், டி-ல இருக்கற ராஜா ஒரே கட்டம் நகர்ந்து சி-க்கு, பி யானை அவர தாண்டி டி-க்கு. பாக்க திருட்டு மூவ் மாதிரியே இருக்கும், அதனால "கேஸ்லிங்"னு வாய்விட்டு சொல்லிட்டு வைங்க, இல்லன்னா சண்டதான். லிச்சஸ்ங்கற ஆன்லைன் செஸ் சைட்ல ஆடுனா ராஜாவ இழுத்து யானை மேலயே போடணும்.

ஒரு செட்டப்ப ஒரு தடவையோட கலைக்காதீங்க, கலர மாத்தி இன்னொரு ஆட்டம் ஆடிட்டு அப்புறம் உருட்டுங்க. முதல் ஆட்டத்துல தோத்தவன் ரெண்டாவதுல அந்த ஹெச் சிப்பாயத்தான் மொதல்ல பாப்பான்.